மேற்குச் சுவரோரம் வரிச்செடி

கல்யாணம் முடிந்து ராமேஸ்வரத்துக்குக் குடிவந்த மறுநாள் காலையில் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தேன். திறந்த கையோடு மூடினேன். ஜன்னலுக்கு நேர் எதிரே மேற்கு மதில்சுவர். அதைப் பார்த்தபடி ஆண்கள் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு முதுகிலும் தோளிலும் விபூதி. இன்னொருவர் ஈர வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சுலோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சத்தம் கேட்டு ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவர் அந்தச் சத்திரத்தின் மேனேஜர். மேனேஜர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. யாத்திரை வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவது, பாய் தலையணை கொடுத்து வாங்குவது, கிணற்று வாளி தொலையாமல் பார்ப்பது, விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது. சத்திரம் கட்டிய குடும்பம் பாலத்துக்கு அந்தப்புறம், கரைப்பக்கம் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் அமாவாசைக்கு அமாவாசை வந்து பார்த்துவிட்டுப் போவார். பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. சுவரில் பழைய ராஜா படத்தை எடுத்துவிட்டு காந்தி படம் மாட்டியிருந்தார்கள். ஆணி அதே ஆணி.

"ஏங்க, அங்கன பாத்தீகளா?" என்று கேட்டேன்.

"எங்கன?"

"சுவத்துப் பக்கம்."

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "யாத்திரைக்கு வர்ற சனம். விடியமுன்ன எந்திரிச்சுத் தீர்த்தமாடணும்னு அவசரத்துல நிக்கிறாக. புண்ணியம் தேடி வந்தவுகள நாம என்ன சொல்ல முடியும்?"

"புண்ணியத்த எங்கன வேணும்னாலும் தேடட்டும். என் அடுப்புக்கு நேராவா தேடணும்?"

அவர் சிரித்துவிட்டு எழுந்து போனார். புதுப் பெண்டாட்டி துடுக்காகப் பேசுகிறாள் என்று அவருக்குச் சந்தோஷம். எனக்குக் குமட்டியது.

நான் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவள் இல்லை. நான் பிறந்த அபிராமத்தில் எங்கள் அய்யாவுக்கு மாடும் வயலும் உண்டு. சாணி அள்ளியிருக்கிறேன், குப்பைக்குழியில் இறங்கி எருவை வெட்டிக் கூடையில் ஏற்றியிருக்கிறேன். அந்த வாடை கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அது அருவருப்பாகத் தோன்றியதே இல்லை. இது வேறு. சுண்ணாம்புச் சுவரில் ஆள் உயரத்தில் பாதிக்கு மஞ்சள் படிந்து, அதற்குக் கீழே காரை உப்பிப் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்துகொண்டிருந்தது. தரை எப்போதும் ஈரம். வெயில் ஏற ஏறக் கண்ணைக் கரிக்கும். கடல்காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நாட்களில் சோறு வடிக்கும்போது அந்த ஆவியோடு சேர்ந்து உள்ளே வரும். ரசத்தைக் கொதிக்கவைத்து இறக்கினால் ரசத்தின் வாசனை எனக்குத் தெரியாது.

கக்கூஸ் இல்லாமல் இல்லை. சத்திரத்தின் கடைசிக் கோடியில் தகரக் கதவு போட்டு இருந்தது. பஞ்சாயத்திலிருந்து ஒரு அம்மாள் காலையில் வந்து வாளியில் அள்ளிக்கொண்டு போவாள். அவள் வரும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஏதோ அவள்தான் அதைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் சத்திரத்தில் நிற்க இடம் இருக்காது. பெண்கள் அந்தத் தகரக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று, முடியாதவர்கள் பொழுது இருட்டும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆண்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர்களுக்கு என் ஜன்னல் இருந்தது.

என்னால் ஆனதைச் செய்துபார்த்தேன். வேலிமுள் வெட்டிவரச் சொல்லிச் சுவரோரம் பரப்பினேன். முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று போனார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தூவினேன். அதில் கோலம் போட்டுவிட்டுப் போனார்கள். கணவரை நச்சரித்து ஒரு பலகையில் "இங்கே அசுத்தம் செய்யாதீர்" என்று எழுதவைத்தேன். அழகான கையெழுத்து அவருக்கு. மறுநாள் பார்த்தால் ஒரு ஆள் துண்டை அந்தப் பலகையில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் செடி வைக்கலாம் என்று தோன்றியது. பூச்செடிமேல் நின்று யாரும் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த வயதில் மனிதர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம்.

"அந்த உப்புமண்ணுல என்ன புள்ள வளரும்?" என்றார் கணவர். "தண்ணிக்கு எங்கன போறது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குடிதண்ணீருக்கே நல்ல கிணறு தேடி நடக்கிற ஊர். மல்லிகையும் ரோஜாவும் கேட்க முடியாது.

ஒருநாள் வேலையாகப் பாம்பன் போனவர் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே வெள்ளைக்கார ரயில்வே என்ஜினீயர் இருந்த பங்களாவைப் புதிதாக வந்தவர் சீர்பண்ணுகிறாராம். துரையின் சம்சாரம் வாசலில் வைத்து வளர்த்திருந்த செடிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்களாம். தோட்டக்காரர் இவருக்குத் தெரிந்தவர். "லில்லின்னு சொல்வாகளாம். மழை தவிர வேற தண்ணியே காட்ட வேணாம், காத்துல வர்ற உப்பும் ஒண்ணும் செய்யாதுங்குறாரு" என்று சாக்கை உதறினார்.

கோரைக்கும் கற்றாழைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. வாள்போல் நீண்ட இலைகள், அடியில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு விசிறியாய் விரிந்திருந்தன. ஒவ்வொரு இலைக்கும் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. புது வேட்டிக்குக் கரை போட்டதுபோலச் சுத்தமான கோடு. வேர் மட்டும் கெட்டியாய், மஞ்சளாய், பின்னிக்கிடந்தது. லில்லி என்ற பேர் எங்கள் வாயில் நிற்கவில்லை. வரிச்செடி என்றோம்.

நடுவதற்கு முன் அந்த மண்ணை அள்ள வேண்டியிருந்தது. நான் சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அவர் மண்வெட்டியால் வெட்ட வெட்ட, கறுப்பாய்ப் பிசுபிசுவென்று வந்தது. வெட்டிய இடத்தில் நுரை கட்டியது. பழைய பீடித்துண்டுகள், அறுந்த பூணூல், யாரோ போட்டுவிட்டுப் போன ஈரக் கோவணம் எல்லாம் உள்ளேயிருந்து கிளம்பின. நான் பாதியில் எழுந்துபோய் வாந்தி எடுத்தேன். அப்போது வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது எனக்கே தெரியாது. அந்த மண்ணை வண்டியில் ஏற்றிவிட்டு, வேறு மணலும் பால்காரர் வீட்டுச் சாணியும் கலந்து போட்டோம். தூரைக் கையால் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் வேர் இருக்கும்படி பார்த்து, சாண் இடைவெளி விட்டு நட்டேன். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் சுவரோரமாய் ஓடும்படி அவர் சிறு வாய்க்கால் கீறிவிட்டார். வேர் பிடிக்கிறவரை கழனித்தண்ணீரும் ஊற்றினேன்.

பிடித்துக்கொண்டது. இலை நுனிகள் காற்றில் கருகின. கருகியதைக் கத்தரித்துவிட்டேன். நடுக்குருத்து சுருள் விரிந்து வந்தது. ஆடு ஒன்று உள்ளே புகுந்து கடித்துப் பார்த்து, நார் பல்லில் மாட்டித் துப்பிவிட்டுப் போனது. எப்போதாவது ஒரு குருத்து கோடே இல்லாமல் முழுப்பச்சையாக வரும். அதை விட்டால் மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டு அதுவே பரவிவிடும் என்று தோட்டக்காரர் சொல்லி அனுப்பியிருந்ததால் உடனே பிடுங்கிவிடுவேன். முழு வெள்ளையாகவும் ஒன்று வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு வாரத்தில் வெந்து மடிந்தது.

ஒரு மாதம் போல யாரும் அங்கே நிற்கவில்லை. வருகிறவர்கள் செடியைப் பார்த்துத் தயங்கி, முணுமுணுத்துக்கொண்டு தகரக் கதவை நோக்கிப் போனார்கள். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தேன். அந்த மாதம் நான் வைத்த குழம்பின் ருசி வேறு என்று கணவர் சொன்னார்.

பிறகு ஒருவன் நின்றான். அவனைப் பார்த்து இன்னொருவன். அமாவாசைக் கூட்டம் வந்தபோது பழையபடி வரிசையாக நின்றார்கள். சுவருக்குப் பதில் செடிமேல் என்பது மட்டும்தான் வித்தியாசம். இலைமேல் விழுகிற சத்தம் வேறு இப்போது கேட்டது. மண்ணில் விழும்போது இல்லாத சத்தம். உலைக்கு அரிசி களையும்போது அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஜன்னல் இடுக்கு வழியே ஒருநாள் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

"செடி என்னமா வளந்திருக்கு பாத்தியா?"

"வளராம? தினம் எம்புட்டுப் பேரு ஊத்துறோம்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கரண்டியை ஜன்னல் கம்பியில் ஓங்கி அடித்தேன். சிரிப்பு கொஞ்சம் நின்றது, மற்றது நிற்கவில்லை.

மூலையில் இருந்த இரண்டு தூர்கள் வெந்து செத்தன. மற்றவை குளியல்தண்ணீர் ஓட்டத்தில் இருந்ததாலோ என்னவோ, கொழுத்து நின்றன. இடுப்பளவு தண்டு விட்டுச் சின்னச் சின்ன நீலப் பூ பூத்தன. பூவுக்கு நடுவில் மஞ்சள். அப்புறம் கண்ணாடிமணி போல நீலக் காய். யாத்திரைக்கு வந்த பெண்கள் பார்த்துவிட்டு நின்றார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். ஒரு அம்மாள் இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "தொடாதீக" என்றேன். "உன் செடிய ஒண்ணும் தூக்கிட்டுப் போயிற மாட்டேன்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். அவளுடைய கணவர் அன்று காலை அங்கே நின்றதை நான் பார்த்திருந்தேன். எப்படிச் சொல்வது?

இவர்கள் இலையைத் தடவத் தடவ எனக்கு என் உள்ளங்கை அரித்தது. நானே நட்ட செடியின் பக்கம் நானே போகாமலானேன். காய்ந்த இலையை உரிப்பதை நிறுத்தினேன். கணவர்தான் செய்தார். அவருக்கு அந்தச் செடிமேல் தனிப் பிரியம் வந்திருந்தது. மாலையில் அதன் பக்கத்தில் நின்று வெற்றிலை போடுவார்.

தலைப்பிரசவத்துக்கு அபிராமம் போனேன். பெண் குழந்தை. குழந்தைக்குத் தலை நின்ற பிறகு அய்யா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வந்து இறங்கியபோது சத்திரத்து வாசலில் பூக்கார அக்கா உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அங்கேதான் அவள் கடை. ஒரு பலகை, ஒரு ஈரத்துணி, அதன்மேல் அரளியும் துளசியும் கனகாம்பரமும். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். கணவர் படகில் போய்த் திரும்பவில்லை. பூக் கட்டியே பிழைத்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து குழந்தையின் கன்னத்தை வழித்துச் சொடக்குப் போட்டாள்.

"ரெண்டு உசுரா வந்து சேந்துட்டே, ஆத்தா. திரும்பு, பூ வச்சு விடுறேன்."

திரும்பினேன். கனகாம்பரச் சரத்தைக் கொண்டையைச் சுற்றிச் செருகிவிட்டாள். குழந்தையின் பிஞ்சுத் தலையிலும் ஒரு கண்ணியைச் சுற்றினாள். பயணக் களைப்பெல்லாம் போனமாதிரி இருந்தது. மறுநாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு பேச வாசலுக்குப் போனேன். பலகையில் கட்டிவைத்த சரங்களைப் பார்த்தேன். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் வெள்ளையாய் ஒரு நாடா வளைந்து வளைந்து ஓடியது.

"அக்கா, இது ஏது?"

"ஒங்க செடிதேன். நீ ஊருக்குப் போன மறுமாசமே ஒங்க வீட்டுக்காரரு அறுத்துக்கச் சொல்லிட்டாரு. வாழநாரு ரயில்ல வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு முறியுது. இது கிழிக்கக் கிழிக்க வருது. பாரேன், பூவுக்குச் சரிகை வச்சாப்புல இல்ல? பொம்பளைக இத்தான் கேட்டு வாங்குறாளுக."

சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஒரு இலையை எடுத்தாள். நுனியை முன்பல்லால் கடித்துப் பிளந்து, ஒரு பாதியைப் பல்லில் வைத்தபடி மறுபாதியைக் கையால் இழுத்துக் கிழித்தாள். கிழித்த நாரை உதட்டில் ஒரு இழுப்பு இழுத்து ஈரப்படுத்தினாள்.

"அக்கா, வாயில வைக்காதீக!"

என் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அவள் பல்லில் நாரோடு என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சுவத்துல ஆம்பளைக தினம் ஒண்ணுக்குப் போறாக. அந்தச் செடி மேலதேன். எல்லா இலை மேலயும்."

அவள் துப்பினாள். எழுந்து நின்று துப்பினாள். தெருவோரம் போய் விரலை வாய்க்குள் விட்டு, ஓங்கரித்து, மறுபடி துப்பினாள். துணி நனைக்கிற செம்புத் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்தாள். அதுவும் அந்த இலையை நனைத்த தண்ணீர்தான் என்று நினைப்பு வந்து செம்பை விட்டெறிந்தாள். நான் தலையில் கைவைத்து நேற்று வைத்த சரத்தை முடியோடு சேர்த்துப் பிய்த்தேன். குழந்தையின் தலையைச் சேலையால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அது அழுதுகொண்டே இருந்தது.

"எம்புட்டு மாசம்! எம்புட்டு மாசமா என் வாயில..." பூக்கார அக்கா கத்தத் தொடங்கினாள். "மேனேசரு தெரிஞ்சே அறுத்துக்கச் சொன்னாரா? தெரிஞ்சேவா?"

தீர்த்தமாடிவிட்டு வந்த கூட்டம் வாசலில் கூடிவிட்டது. அதில் ஒரு குடும்பம் முந்தின நாள் வந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லார் தலையிலும் வெள்ளை நாடா போட்ட சரம். விஷயம் காதில் ஏற ஏற அவர்கள் பூவைப் பிடுங்கி எறிந்தார்கள். சாமி படத்துக்கு வாங்கிய மாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கிழவி நின்றாள். அவர்கள் வீட்டு ஆள் முன்னால் வந்தார். நெற்றியில் பட்டை, மார்பில் சந்தனம்.

"இதென்ன சத்திரமா, என்னது? புனிதமான எடத்துல வந்து இப்படித் தீட்டாக்கி வச்சிருக்கீங்களே! எவ வச்ச செடி இது? வச்ச கையை ஒடிக்க வேணாம்?"

அன்று காலையில் ஜன்னல் இடுக்கில் நான் பார்த்த அதே ஆள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"செடி நான்தேன் வச்சேன். ஆனா அது மேல போனது நான் இல்ல. இன்னைக்கு விடியக்காலம் அங்கன நின்னது நீங்க. என் ஜன்னலுக்கு நேரா. நான் பாத்தேன்."

ஒரு பெண்பிள்ளை, கைக்குழந்தைக்காரி, அத்தனை ஆண்கள் நடுவில் அதை வாய்விட்டுச் சொன்னது அந்தக் காலத்தில் நடக்கிற காரியம் இல்லை. அந்த ஆளின் சம்சாரம் கையில் பிய்த்த சரத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஒரு கணம்தான். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்துக் கையை நீட்டினார்.

"நான் மட்டுமா நின்னேன்? உங்க வீட்டுக்காரரே எனக்குப் பக்கத்துல நின்னுட்டுத்தானம்மா போனாரு. அவரைக் கேளுங்க மொதல்ல."

திரும்பினேன். என் கணவர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் குனிந்து, கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அருவருப்பை இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாரென்று தெரியாத ஆண்கள் நின்றபோது வந்தது வயிற்றில் வந்த குமட்டல். வாந்தி எடுத்தால் தீர்ந்துவிடும். இது தோலில் ஏறியது. பலகை எழுதிக் கொடுத்தவர், என்னோடு சேர்ந்து அந்த மண்ணை அள்ளியவர், என் ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடுக்கில் தெரியாத ஓரமாய்ப் போய் நின்றிருக்கிறார். மாலையில் அதே செடியைத் தடவிக்கொடுத்திருக்கிறார். அதே இலையை அறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் பெரியவர் வந்தார். சேதி அதற்குள் அவர் வீட்டுக்குப் போயிருந்தது. மேற்குச் சுவர் முன்னால் நாற்காலி போடச் சொல்லி, நாற்றம் தாங்காமல் உடனே கிழக்குப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னார். கணவர் கைகட்டி நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சத்திரத்துப் பேரு என்னத்துக்கு ஆகுறது? எல்லாத்தையும் வேரோட பிடுங்கி எறி. தீர்த்தம் கொண்டாந்து தெளிச்சு விடு. இனிமே இங்கன ஒரு புல்லு மொளைக்கக் கூடாது."

கணவர் தலையாட்டினார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்துவிட்டு நானே கதவுக்கு வெளியே வந்தேன்.

"அய்யா, ஆம்பளைகளுக்குன்னு அந்தக் கோடியில ஒரு மறைப்புக் கட்டிக் குடுத்தா இங்கன நிக்க மாட்டாக. பொம்பளைகளுக்கும் இன்னொரு கக்கூஸ் கட்டணும். வரிசையில நின்னு தவிக்கிறாக."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். "பொம்பள பேசுற பேச்சாடா இது? வீட்டுல வச்சுப் பேசச் சொல்லு." சொல்லிவிட்டு எழுந்தார். போகிற வழியில் வாயில் ஊறியிருந்த வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பினார். பிடுங்கச் சொன்ன செடியின் வெள்ளைக் கோட்டின்மேல் சிவப்பாய் வழிந்தது.

கணவரே பிடுங்கினார். வேர் ஆழமாய் இறங்கியிருந்தது. ஒவ்வொரு தூருக்கும் மண்வெட்டி பல தடவை விழுந்தது. பிடுங்கியதைச் சத்திரத்துக்கு வெளியே குப்பைமேட்டில் குவித்தார். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை.

அன்றைக்குச் சோற்றில் கைவைத்தபடி, "இனிமே நிக்க மாட்டேன்" என்றார்.

"எத்தன நாளா நின்னீக?"

"எப்பவாச்சும். அவசரத்துக்கு."

"செடி வைக்குமுன்னயா, வச்ச பெறகுமா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குத் தட்டிலிருந்த சோறு இறங்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்று மோரைக் கரைத்துக் குடித்தேன். அப்புறம் நாள்கணக்கில் நான் அவரிடம் தேவைக்குமேல் பேசவில்லை. வெளியே போய்விட்டு வந்தால் கை கால் கழுவாமல் பிள்ளையைத் தொடக் கூடாது என்றேன். கழுவினார்.

பூக்கார அக்கா வாசலை விட்டுப் போய்விட்டாள். வேறு தெருவில் கடை போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு நான் செய்தது சரிதான் என்று நினைத்தாலும், அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ என்று உறுத்தலாகவும் இருந்தது. ஒருநாள் மத்தியான நேரம் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அவள்தான், கக்கத்தில் கூடையோடு.

"ஆத்தா, அந்தச் செடியப் பிடுங்கி எங்கன போட்டீக?"

"எதுக்குக்கா?"

"இல்ல, பொம்பளைக வந்து வெள்ளச்சரம் வெள்ளச்சரம்னு கேக்குறாளுக. நாரு வச்சுக் கட்டுனாத் திரும்பிப் பாக்காமப் போறாளுக. நல்லாக் கழுவிக்கிறேன். மூணு தண்ணி விட்டுக் கழுவுனா என்ன இருக்கப் போகுது?"

நான் இடம் காட்டவில்லை. அவளே குப்பைமேட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவள் குனிந்து தூர்களைப் புரட்டி, வாடாத இலையாய்ப் பார்த்து உரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் துப்பிய சிவப்பு காய்ந்துபோயிருந்த இலையை எடுத்து, பார்த்து, புடவையில் துடைத்து அதையும் வைத்துக்கொண்டாள். நான் வீட்டுக்குள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட வரவில்லை.

மேற்குச் சுவர் பழையபடி ஆனது. தீர்த்தம் தெளித்த ஈரம் காயுமுன் ஒருவன் வந்து நின்றான். அதற்குப் பிறகு கணவர் தாமாகவே ஒரு காரியம் செய்தார். தெற்குக் கோடியில் பனைமட்டை அடைத்து ஒரு மறைப்புக் கட்டி, உள்ளே குழி தோண்டி மணல் நிரப்பினார். வருகிறவர்களிடம் அறைச்சாவி கொடுக்கும்போதே, "ஒண்ணுக்குப் போறதுன்னா அங்கன" என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. காது சிவக்கச் சொல்லுவார். பாதிப்பேர் கேட்டார்கள். ஐப்பசிக் காற்று வந்து அந்த மட்டை அடைப்பைத் தூக்கிக்கொண்டு போனது. மறுபடி கட்டினார். மறுபடி போனது. மூன்றாம் தடவை கட்டுமுன் ராமநாதபுரத்தில் ஒரு அரிசி மில்லில் வேலை கிடைத்தது. தீவை விட்டுக் கிளம்பினோம்.

சாமான்களோடு ஒரு பழைய எண்ணெய் டின்னையும் ரயிலில் ஏற்றினார். ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தது. ராமநாதபுரத்தில் வாடகை வீட்டில் இறக்கி வைத்தபோதுதான் பார்த்தேன். உள்ளே ஒரு தூர், நாலைந்து இலையோடு. பிடுங்கிய அன்றே எனக்குத் தெரியாமல் எடுத்துவைத்திருக்கிறார்.

"இத எதுக்குக் கொண்டாந்தீக?"

"செடி என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றார்.

அவர் வேரை நான்கைந்து தண்ணீரில் அலசி, பழைய மண் ஒரு பொட்டுகூட இல்லாமல் எடுத்துவிட்டு, முன்வாசலில் புது மணலில் நட்டார். அந்த வீட்டில் எங்களுக்கென்று கதவு போட்ட கக்கூஸ் இருந்தது. வாசலில் யாரும் நிற்கவில்லை. மழை பெய்தால் குடித்தது, பெய்யாவிட்டால் சும்மா நின்றது. வருஷக்கணக்கில் சுத்தமாய், வெள்ளைக் கோடு மினுங்கப் பரவியது. அக்கம்பக்கத்தார் கேட்டால் அவர் தூர் பிரித்துக் கொடுப்பார். பச்சைக் குருத்து வந்தால் அவர்தான் பிடுங்குவார். எங்கள் பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, அதற்குப் பின் ஒரு பையனும் பிறந்துவிட்டிருந்தான். அவர் நல்ல மனிதர்தான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அந்தச் சந்தனக்கார ஆள் கை நீட்டிக் காட்டிய காரியத்துக்கு இவரை நான் மன்னித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல் வருஷம் ஓடியது.

ஒரு மார்கழி காலையில் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"இங்கன வாயேன். பூத்திருக்கு."

போனேன். பனி இறங்கிய இலைகளுக்கு மேலே தண்டு எழுந்து, நீலப் பூ கொத்துக் கொத்தாய் நின்றது. அழகாகத்தான் இருந்தது. படியிலேயே நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், தொட்டியில் தண்ணீர் மொண்டு கைகளைக் கழுவினேன். அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"எதத் தொட்டே இப்படிக் கழுவுற?"

"எதையும் தொடல" என்றேன்.

சோப்பை எடுத்து இன்னொரு தடவை தேய்த்தேன்.